மீப்பெரு பொது வகுத்தி: ஜிசிடி-க்குத் தமிழ்ச் சொல்

தாராவியில் அக்கா வீட்டு அறைக்கு டைல்ஸ் பதிக்க அளவெடுத்தோம். நீளம் 252 செ.மீ., அகலம் 180. எதையும் வெட்டாமல் பதிக்கக்கூடிய மிகப் பெரிய சதுர டைல்ஸ் எந்த அளவு என்று கேட்டேன். மராத்தி வழியில் படிக்கும் அக்கா மகள், "மசாவி கண்டுபிடிக்க வேண்டும், மாமா" என்றாள். 'மஹத்தம சாதாரண விபாஜக்' என்பதன் சுருக்கம் அது. தமிழில் என்ன பெயர் என்று அடுத்துக் கேட்டாள்.

மீப்பெரு பொது வகுத்தி, சுருக்கமாக மீ.பொ.வ. கொடுத்த எண்கள் எல்லாவற்றையும் மீதியில்லாமல் வகுக்கும் மிகப் பெரிய எண் அது; ஆங்கிலத்தில் 'கிரேட்டஸ்ட் காமன் டிவைசர்', சுருக்கமாக ஜிசிடி. 'மீ' என்றால் மேல், உயர்வு. மீமிசை என்ற சொல்லிலும், குறளின் 'மீக்கூறும்' என்ற சொல்லிலும் இருப்பது அதே மீ. மின்சாரத்தைக் கடத்துவது கடத்தி என்பதுபோல, மீதியில்லாமல் வகுப்பது வகுத்தி.

பாடநூல்களில் 'மீப்பெரு பொதுக் காரணி' என்றும் உண்டு. பிழையில்லை, ஆனால் கணினி நிரல் எழுதுகிறவர்களுக்கு நான் வகுத்தியையே சொல்வேன். காரணம், சுழியம். சுழியமல்லாத எந்த எண்ணும் சுழியத்தை மீதியின்றி வகுக்கும். அதனால் 0, 36 இரண்டுக்கும் மீ.பொ.வ. 36. வகுத்தி என்று நினைத்தால் இது உடனே விளங்குகிறது. சுழியத்துக்குக் காரணி 36 என்றால் மனம் தயங்குகிறது. இரண்டு எண்ணும் சுழியமானால், நிரலில் இதைக் கணக்கிடும் செயற்கூறு (ஃபங்ஷன்) 0 என்றே விடை தரும். அங்கே 'மீப்பெரு' என்பதற்கு, மற்ற எல்லாப் பொது வகுத்திகளாலும் வகுபடுவது என்று பொருள் கொள்ள வேண்டும்.

மீ.பொ.வ. கண்டுபிடிக்கும் வழிமுறை, பண்டைய கிரேக்கக் கணித அறிஞர் யூக்ளிட் தம் 'எலிமெண்ட்ஸ்' நூலின் ஏழாம் பகுதியில் தந்தது. 252-ஐ 180-ஆல் வகுத்தால் மீதி 72. 180-ஐ 72-ஆல் வகுத்தால் மீதி 36. 72-ஐ 36-ஆல் வகுத்தால் மீதியே இல்லை. விடை 36, அறைக்கு ஏழு வரிசை, வரிசைக்கு ஐந்து, மொத்தம் 35 டைல்ஸ்.

பைத்தான் என்ற நிரல்மொழியில் இந்த வேலைக்கு 'மேத்' தொகுதியில் ஜிசிடி என்ற செயற்கூறு 2015-இல், 3.5 பதிப்பிலிருந்து இருக்கிறது. 2020-இல் வந்த 3.9 முதல் அதற்கு எத்தனை எண்களையும் கொடுக்கலாம். பைத்தான் 3 தமிழ் எழுத்துகளில் பெயர் வைக்கவும் இடம் தருகிறது. ஆனால் மீ.பொ.வ. என்பதில் வரும் முற்றுப்புள்ளி பெயருக்குள் ஆகாது. அக்கா மகள் அந்தச் செயற்கூறுக்கு 'மீபொவ' என்று பெயர் வைத்து, அடைப்புக்குறிக்குள் 252, 180 என்று தட்டினாள். திரையில் 36 வந்தது.