வென்ஃப்ளான் போட்ட கையும் முதுகு துடைக்கும் துணியும்

"மேடம், வந்து மூணு மாசம் ஆச்சு. இன்னும் ஒரு வென்ஃப்ளான்கூட போடல."

ஜனவரி இரவொன்றில் வீடியோ அழைப்பில் வந்த பெண் முதலில் சொன்னது இதைத்தான். வென்ஃப்ளான் என்பது மருந்து ஏற்றுவதற்காகக் கை ரத்தக்குழாயில் செருகும் சிறு குழாய். மதுரைப் பக்கம் ஒரு தனியார் மருத்துவமனை ஐ.சி.யூ.வில் ஐந்து வருடம் இருந்தவர். டாக்டருக்கே வெயின் கிடைக்காத குழந்தைக்கு இவரைத்தான் கூப்பிடுவார்களாம். இப்போது ஜெர்மனியில் ஒரு சிறு நகரத்தில், விடிவதற்கு முன்பே வார்டுக்குப் போய், முதியவர்களைக் குளிப்பாட்டி, பல்செட் கழுவி, ரொட்டியில் வெண்ணெய் தடவிக் கொடுக்கிறார்.

நான் திருச்சியில் உளவியல் ஆலோசகர். ஜெர்மன் படித்துவிட்டு விசாவுக்குக் காத்திருக்கும் நர்ஸ்களுக்குச் சில ஆண்டுகளாக வகுப்பு எடுக்கிறேன். போன பிறகும் சிலர் தொடர்ந்து பேசுகிறார்கள். (ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை மாற்றித்தான் எழுதுகிறேன்.) வகுப்பில் எல்லோரும் கேட்பது குளிரையும் சாப்பாட்டையும் பற்றி. குளிருக்கு ஜாக்கெட் இருக்கிறது. ஓவனுக்குள் விளக்கை மட்டும் எரியவிட்டால் இட்லி மாவு பொங்கும் என்று முதல் மாதத்திலேயே யாராவது சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். அழவைப்பது வேறு விஷயம்.

நம் ஊரில் நர்ஸ் என்றால் மருந்து, ஊசி, லைன், மானிட்டர். நோயாளியின் உடம்பைத் துடைப்பது கூட இருக்கும் உறவினரின் வேலை, இல்லையென்றால் ஆயாவின் வேலை. ஜெர்மனியில் உடம்பு துடைப்பதும் ஊட்டுவதும் நர்ஸ் வேலையின் அடித்தளம். வென்ஃப்ளான் போடுவது பெரும்பாலும் டாக்டரின் வேலை. துடைக்கும்போதுதான் தோல் எங்கே சிவந்திருக்கிறது, மூச்சு எப்படி இருக்கிறது, பாட்டி நேற்றுப்போல ஏன் பேசவில்லை என்பதெல்லாம் தெரியும் என்பது அவர்கள் கணக்கு. நம் கணக்கில் அது இறக்கம். அதோடு, படிப்புக்கு அங்கே அங்கீகாரம் கிடைக்கும்வரை உதவியாளர் நிலையில்தான் வேலை. தேர்வோ தகவமைப்புப் பயிற்சியோ முடித்தால்தான் முழு நர்ஸ். செய்தி ஊருக்கு வந்து சேரும்போது அதன் வடிவம் இது: "நாலு வருஷம் படிச்சிட்டுப் போய் அங்க ஆயா வேலை பாக்குறாளாம்."

புதுப் பண்பாட்டில் முதலில் பறிபோவது 'நான் கெட்டிக்காரி' என்ற நம்பிக்கைதான் என்று எனக்குத் தோன்றுகிறது. வீட்டு ஏக்கம் என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்களில் பலருக்கு உள்ளே இருப்பது இந்த அவமானம்.

பேச்சும் அப்படியே. பி2 என்ற ஜெர்மன் மொழித் தேர்வு எழுதிப் போனவர்தான், ஆனால் பல்செட் போடாத தாத்தாவின் வட்டாரப் பேச்சைத் தேர்வில் யாரும் கேட்பதில்லை. 'சரி' என்று நாம் தலையை இருபுறமும் ஆட்டினால் அவர்களுக்கு அது 'இல்லை' போலப் படுகிறது. இதைவிட ஆபத்து, புரியாமலேயே 'யா, யா' என்பது. மூத்தவர்களிடம் திருப்பிக் கேட்டால் மரியாதைக் குறைவு என்று வளர்ந்தவர்கள் நாம். அங்கே திருப்பிக் கேட்காதவரைத்தான் நம்பமாட்டார்கள். அதனால் "மன்னிக்கவும், இன்னொரு முறை மெதுவாகச் சொல்லுங்கள்" என்ற ஒரு வாக்கியத்தை என் வகுப்பில் ஜெர்மனில் ஐம்பது முறை சொல்லவைப்பேன். சிரிப்பார்கள். போன பிறகு நன்றி சொல்வார்கள். இன்னொன்று: "இது தவறு" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு, பத்து நிமிடம் கழித்து அதே ஆள் காபிக்குக் கூப்பிடுவார். நம் பெண்ணுக்கு அன்று ராத்திரி தூக்கம் வராது.

'கலாச்சார அதிர்ச்சி' என்ற சொல்லைப் பரவலாக்கியவர் மானுடவியலாளர் கலெர்வோ ஓபெர்க். 1954இல் ரியோ டி ஜெனிரோவில் ஒரு மகளிர் மன்றத்தில் அதைப் பற்றிப் பேசினார். முதலில் தேனிலவு, பிறகு சரிவு, பிறகு மெல்ல ஏற்றம் என்று அவர் வரைந்த பாதையைத்தான் இன்றும் பயிற்சி வகுப்புகளில் காட்டுகிறார்கள். நானும் சில காலம் காட்டினேன். 1998இல் கொலீன் வார்டும் சக ஆய்வாளர்களும் நியூசிலாந்துக்குப் படிக்கப் போன ஜப்பானிய மாணவர்களைத் தொடர்ந்து கவனித்தபோது, மனச்சோர்வு உச்சத்தில் இருந்தது போய் இறங்கிய நேரத்தில்தான். நான் பார்ப்பதும் அதுதான். நகையை அடகு வைத்துப் போகிற பெண்ணுக்கு ஏது தேனிலவு? வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் பனியோடு சிரிக்கும் படத்தை நம்பாதீர்கள். டிசம்பரில் அங்கே மாலை நான்கு மணிக்கெல்லாம் இருட்டிவிடும்; காலை ஷிப்ட் முடிந்து தூங்கி எழுந்தால் அன்றைய சூரியன் போயிருக்கும். ஞாயிற்றுக்கிழமை கடைகளும் மூடியிருக்கும்.

அப்படியானால் எப்படித்தான் பழகுவது? கனடிய உளவியலாளர் ஜான் பெர்ரி நான்கு வழிகளைச் சொல்வார்: நம்முடையதையும் வைத்துக்கொண்டு அவர்களுடையதையும் சேர்ப்பது, நம்முடையதை உதறிவிட்டுக் கரைவது, நம்மவர்களோடே ஒதுங்குவது, இரண்டிலும் ஒட்டாமல் நிற்பது. 13 நாடுகளில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட குடியேறிய குடும்பத்து இளையோரை அவரும் குழுவினரும் ஆராய்ந்து 2006இல் வெளியிட்டார்கள்; இரண்டையும் வைத்துக்கொண்டவர்களே நன்றாக இருந்தார்கள். ஆனால் இது போகிறவர் கையில் மட்டும் இல்லை. சேர்த்துக்கொள்ள அந்த ஊரும் வார்டும் மனசு வைக்க வேண்டும்.

ஆறு தமிழ்ப் பெண்கள் ஒரே வீட்டில் இருந்தால் ரசம் உண்டு, சிரிப்பு உண்டு, ஜெர்மன் மட்டும் ஏறாது. முதல் மூன்று மாதம் அப்படி இருந்துவிட்டுப் போகட்டும் என்பேன். ஒட்டிக்கொள்ள ஒரு சுவர் வேண்டுமே. அதன்பிறகு வாரத்துக்கு ஒரு நாள், வேலைக்குச் சம்பந்தமில்லாத ஒரு ஜெர்மன் இடம். அங்கே எதற்கெடுத்தாலும் 'ஃபெராய்ன்' என்று ஒரு சங்கம் இருக்கும்: பாட்டுக்கு, நீச்சலுக்கு, தோட்டத்துக்கு. ஒருவர் தேவாலயப் பாடகர் குழுவில் சேர்ந்தார். உச்சரிப்பைத் திருத்தியது அந்தப் பாட்டுத்தான்.

ஊரில் இருக்கும் அப்பா அம்மாவுக்கு ஒரு வார்த்தை. "எவ்வளவு அனுப்புவ?" என்ற கேள்வியை ஆறு மாதம் தள்ளிப்போடுங்கள். "வந்துடு" என்றும் "பல்லைக் கடிச்சிட்டு இரு" என்றும் மாறி மாறிச் சொல்லாதீர்கள். இன்று வார்டில் என்ன நடந்தது என்று கேளுங்கள், ஆயா வேலை என்று முகம் சுளிக்காமல். அழுகை வந்து போவது இயல்பு. ஆனால் இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமில்லை, பசியில்லை, எதிலும் பிடிப்பில்லை என்றால் அது பழகும் வலியைத் தாண்டிவிட்டது. அங்குள்ள குடும்ப மருத்துவரைப் பார்க்கவேண்டும். சாவைப் பற்றிப் பேசினால் இரண்டு வாரமெல்லாம் காத்திருக்கக் கூடாது. ஜெர்மனியில் அவசர எண் 112. மனம்விட்டுப் பேச 0800 111 0 111 என்ற இலவச எண் இருக்கிறது. இங்கே கலங்கி நிற்கும் பெற்றோருக்கு டெலி-மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், 14416, தமிழிலேயே பேசலாம்.

எல்லோரும் தங்குவதில்லை. பதினான்கு மாதத்தில் திரும்பிவந்த ஒருவர் இப்போது சென்னையில் நன்றாகவே இருக்கிறார். அவரைப் பார்த்து 'தோத்துட்டு வந்துட்டா' என்றவர்கள்தான் அவரை என்னிடம் அனுப்பிவைத்தார்கள், தெரியாமலே.

வென்ஃப்ளான் பெண் ஜூன் மாதம் மறுபடி பேசினார். ஒரு பாட்டியைத் துடைக்கும்போது வால் எலும்புப் பக்கம் தோல் சிவந்திருந்ததாம், படுக்கைப்புண்ணின் ஆரம்பம். "நான்தான் முதல்ல பாத்தேன் மேடம். ஷிப்ட் மாறும்போது ஹேண்ட்ஓவர்ல சொன்னேன். டெர், டீ, டாஸ்னு பெயர்ச்சொல்லுக்கு முன்னாடி போடுறதெல்லாம் தப்பா வந்துச்சு. யாரும் சிரிக்கல."

"அப்போ வென்ஃப்ளான் ஆசை விட்டுப்போச்சா?"

"எங்க மேடம் விடுது? டிரெய்னிங் ரூம்ல ஒரு ரப்பர் கை இருக்கு. யாரும் இல்லாதப்ப போய்ப் போட்டுப் பாத்துட்டு வருவேன்."