கிட்டம்: 'ஸ்லாக்' என்பதற்குத் தமிழ்

தாதுவை உலையில் இட்டு உருக்கும்போது உலோகம் தன் கனத்தால் அடியில் தங்கிவிட, அதனோடு வந்த மண்ணும் மணலும் நாம் சேர்த்த சுண்ணாம்பும் உருகி மேலே மிதந்து, ஆறியபின் கறுத்த கண்ணாடிபோல் இறுகும் பொருளே 'ஸ்லாக்'. வெல்டிங் பட்டறைகளில், பற்றவைத்த இடத்தின்மேல் ஓடுபோல் படிவதைச் சுத்தியலால் பெயர்த்தெடுப்பதை 'ஸ்லாக் தட்டுதல்' என்பார்கள். 'அடித்தல்' என்னும் பொருளுடைய பழைய ஜெர்மானிய வினையோடு இச்சொல் உறவுடையது என்பர். சம்மட்டி அடியில் தெறித்து விழுவது என்பது அதன் முதற்பொருளாகலாம். அந்த வகையில், தட்டுகிற தொழிலாளியின் வாயில் இச்சொல் தன் பிறந்த வீட்டுக்கே வந்து சேர்ந்திருக்கிறது.

தமிழில் இதற்குரிய பழஞ்சொல் கிட்டம். அழுக்கு, துரு எனப் பொருள்படும் 'கிட்ட' என்னும் வடசொல்லோடு இதற்குத் தொடர்பு உண்டு. சித்த மருத்துவத்தில் இரும்புக்கிட்டம், மண்டூரம் என்னும் பெயர்களால் வழங்கும் இப்பொருளை முறைப்படி சுத்தி செய்து, சோகை என நாம் சொல்லும் பாண்டு நோய்க்கு மருந்தாக்குவர். உலைக்களம் கழித்துப் போட்டதை மருந்துக்கடை ஏற்றுக்கொண்ட இந்த மரபு, பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரி அமைந்த நெல்லைச் சீமைக்குப் புதிதன்று.

தனித்தமிழ் நாடுவோர் 'கசடு' என்றே எழுதலாம் என்பர். அதில் ஓர் இடர் உண்டு. 'ஸ்லட்ஜ்' எனப்படும் ஈரக்கழிவுக்கும் கசடு என்னும் சொல்லே இப்போது ஊன்றிவிட்டது. மலக்கசடு, ஆலைக்கசடு என்பன அரசு அறிவிப்புகளிலேயே வருகின்றன. இரண்டும் ஒன்றல்ல. மின்முலாம் பூசும் ஆலையின் கழிவுநீரைச் சுத்திகரிக்கும்போது அடியில் தங்கும் சேற்றில் குரோமியம், நிக்கல், துத்தநாகம் ஆகியவை ஹைட்ராக்சைடுகளாக இருக்கின்றன. அமிலம் பட்டால் அவை கரைந்து கிணற்று நீர்வரை போகும். அதனால்தான் இந்தியாவின் 2016ஆம் ஆண்டு அபாயக் கழிவு விதிகள் அதை அபாயக் கழிவாக வைத்திருக்கின்றன. நெல்லையை அடுத்த கங்கைகொண்டான் போன்ற ஒரு தொழிற்பேட்டையின் அறிவிப்புப் பலகையில் 'கசடு' என்று மட்டும் எழுதினால், மூடிய கொட்டகையில் வைக்க வேண்டியது எது, சாலைக்கு அடியில் போடத்தக்கது எது என்று படிப்பவருக்கு எப்படித் தெரியும்? ஆகவே ஸ்லட்ஜுக்குக் கசடு, ஸ்லாக்குக்குக் கிட்டம் எனப் பிரித்து ஆள்வதே தக்கது.

இந்தப் பிரிவினை இருந்தால்தான் இன்றைய தொழில்நுட்பத்தையும் தமிழில் தெளிவாகச் சொல்ல முடியும். ஏனெனில் அது கசடைக் கிட்டமாக்கும் வேலை. உலர்த்திய கசடோடு மணலும் சுண்ணாம்பும் சேர்த்து, கரியின் துணையோடு ஆயிரம் பாகை செல்சியசுக்கும் மேலான வெப்பத்தில் உருக்கினால், நிக்கலும் செம்பும் உலோகமாகப் பிரிந்து அடியில் இறங்கும். துத்தநாகம் ஆவியாகி மேலெழுந்து, புகைபோக்கிக்கு முன்னுள்ள வடிகட்டிப் பைகளில் தூளாகச் சிக்கும். எஞ்சியவை சிலிக்கா வலைக்குள் பிணைபட்டுக் கிட்டமாகும். கீழே கிடைத்த உலோகம் ஆலைக்குத் திரும்பலாம், கிட்டம் ஜல்லிக்கு மாற்றாகலாம். ஆனால் எல்லாக் கிட்டமும் சாது என்று நம்பிவிடக் கூடாது. காற்றோட்டம் மிகுந்து சுண்ணாம்பும் மிகுந்த சூட்டில் குரோமியம் நச்சுமிக்க ஆறிணைதிற ('ஹெக்ஸாவேலன்ட்') வடிவுக்கு மாறக்கூடும். எனவே நீரில் ஊறவைத்துக் கசிவைச் சோதிக்காமல் எதையும் வெளியே அனுப்பலாகாது.

நெல்லை, தூத்துக்குடிப் பகுதியார் கிட்டத்தைப் பெருமளவில் கண்டது தூத்துக்குடித் தாமிர உருக்காலையால்தான். ஒரு டன் செம்புக்கு ஏறக்குறைய 2.2 டன் கிட்டம் வரும். கையில் அள்ளினால் ஆற்றுமணல் போலிருக்கும். ஆனால் கறுப்பாக மின்னும், கனமும் கூடுதல், ஏனெனில் அதில் பெரும்பகுதி இரும்புச் சிலிக்கேட்டு. காற்றின் விசையால் வீசிக் கப்பலின் துருவைச் சுரண்டவும், சிமெண்டுச் சூளையில் இரும்புச்சத்துக்காகவும் அது பயன்படுகிறது; கான்கிரீட்டில் மணலுக்கு ஒரு பகுதி மாற்றாகச் சேர்க்க ஐ.எஸ். 383 என்னும் இந்தியத் தரநிலையின் 2016ஆம் ஆண்டுத் திருத்தம் இடமளிக்கிறது. அதே பொருளை உப்பாற்று ஓடையோரம் மேடாகக் கொட்டியபோது அது பெரும் சர்ச்சையானது. அப்போதைய செய்திகளில் அது தாமிரக் கழிவு, தாமிரக் கசடு, காப்பர் ஸ்லாக் எனப் பல பெயர்களில் நடமாடியது. தாமிரக் கிட்டம் என்பதே சரி. அவ்வாறே ஊதுலைக் கிட்டம், எஃகுக் கிட்டம், பற்றவைப்புக் கிட்டம் என வழங்கலாம். அனல்மின் நிலையத்தின் உலர்சாம்பலை மட்டும் இந்தக் குடும்பத்தில் சேர்க்க வேண்டாம், அது உலையில் உலோகத்தைப் பிரித்து வந்ததன்று.