பெல்டிங் பழகும் தொண்டை: ஒரு குரல் சிகிச்சையாளரின் குறிப்புகள்

இசை நாடகம் ஒன்றில் முக்கியப் பாத்திரம் கிடைத்து, ஐந்து வாரங்களாக ஒத்திகையில் இருந்த இளம் பாடகி ஒருவர், முதல் காட்சிக்குச் சில வாரங்களே இருந்த நிலையில் என்னிடம் வந்தார். பேச்சுக் குரலில் பெரிய குறை எதுவும் தெரியவில்லை. “காலையில மட்டும் கொஞ்சம் தொண்டை கட்டிக்குது, பதினோரு மணிக்கெல்லாம் சரியாயிடுது” என்றார். அவருக்கு நன்றாகத் தெரிந்த ஒரு பாட்டின் மேல்ஸ்தாயி வரியை, பக்கத்து அறையில் குழந்தை தூங்குவதாக நினைத்துக்கொண்டு மிக மெல்லப் பாடச் சொன்னேன். உரக்கப் பாடியபோது கணீரென்று ஒலித்த அதே சுரத்தில் இப்போது முதலில் வெறும் காற்று வந்தது. ஒரு கணம் கழித்துத்தான் குரல் பிடித்தது. காது மூக்கு தொண்டை மருத்துவர் ஸ்ட்ரோபோஸ்கோபி (விட்டுவிட்டு மின்னும் ஒளியில் குரல்நாண்களின் அதிர்வைப் பார்க்கும் சோதனை) செய்து பார்த்தபோது, இரண்டு குரல்நாண்களின் விளிம்பிலும் எதிரெதிரே சிறு வீக்கம் இருந்தது. உரத்த குரலில் காற்றழுத்தமும் தசையும் சேர்ந்து அத்தகைய வீக்கத்தை மறைத்துவிடும். மென்மையான குரலில் மறைக்க எதுவும் இல்லை. மெல்லப் பாடிப் பார்க்கும் இந்தச் சிறு சோதனையை பெல்டிங் பழகும் எவரும் தினமும் காலையில் தாமே செய்து பார்க்கலாம்.

பேச்சுக் குரலின் அழுத்தத்தையும் கூர்மையையும் மேல்சுரங்கள் வரை கொண்டுபோய்ப் பாடும் முறையைத்தான் பெல்டிங் என்கிறோம். 1930-இல் நியூயார்க்கின் ப்ராட்வே நாடக மேடையில் அறிமுகமான பாடகி எத்தல் மெர்மன், ஒலிவாங்கியின் துணையின்றிக் கடைசி வரிசைவரை கேட்குமாறு பாடியதால், இந்தப் பாணிக்கே ஓர் அடையாளமாகிப் போனார். அப்படிப் பாடினால் குரல் கெட்டே தீரும் என்று செவ்வியல் பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் சிலர் இன்றும் சொல்வதை நான் ஏற்கவில்லை. பல்லாண்டுகள் பெல்டிங் பாடியும் நலமாக இருக்கும் தொண்டைகளையும், மூன்றே மாதத்தில் புண்பட்ட தொண்டைகளையும் பார்த்திருக்கிறேன். வேறுபாடு பெரும்பாலும் பழகிய விதத்திலும் பழகிய அளவிலும் இருந்தது.

பெல்டிங்கின்போது ஒவ்வோர் அதிர்விலும் குரல்நாண்கள் திறந்திருக்கும் நேரத்தைவிட மூடியிருக்கும் நேரம் நீண்டிருப்பதால், அவற்றுக்குக் கீழே காற்றழுத்தம் கூடுகிறது. ஆனால் வெளியேறும் காற்று அதே அளவுக்குக் கூடுவதில்லை. பலரும் பிழை செய்யும் இடம் இதுதான். ‘அடிவயிற்றிலிருந்து பாடு’ என்ற பழைய அறிவுரையைக் கேட்டு நெஞ்சு கொள்ளாத அளவுக்கு மூச்சை நிரப்பிக்கொள்கிறார்கள். உள்ளே தேங்கிய காற்று முட்டித் தள்ள, அதைத் தடுக்கக் குரல்வளை இறுகுகிறது, கழுத்து நரம்பு புடைக்கிறது, தாடை முன்னே வருகிறது. நான் முதலில் கற்றுக்கொடுப்பது குறைவாக மூச்சு எடுப்பதைத்தான். தூரத்தில் போகும் நண்பரை “ஏய்!” என்று கூப்பிடும்போது யாரும் ஆழ்ந்து மூச்சிழுத்துத் தயாராவதில்லை, பேசுவதற்கு வேண்டிய அளவே போதுமானதாக இருக்கிறது. அந்தக் கூப்பிடு குரலை ஒரே சுரத்தில், ஒரு நொடிக்கு மேல் நீட்டாமல், நாலைந்து முறை எழுப்பிவிட்டு நிறுத்தச் சொல்வேன்.

அடுத்தது உயிரெழுத்து. இதைத் தொண்டையைவிட முக்கியமாகக் கருதுகிறேன். 440 ஹெர்ட்ஸ் சுரத்தைப் பாடும்போது குரல்நாண்கள் ஒரு நொடிக்கு 440 முறை ஒன்றோடொன்று மோதுகின்றன. அந்த ஒலியில் அதன் இரு மடங்காக 880 ஹெர்ட்ஸில் அமைந்த இரண்டாம் இசையொலி, வாயும் தொண்டையும் சேர்ந்த குழலின் முதல் ஒத்ததிர்வோடு (அந்தக் குழல் தானாகவே ஒலியைப் பெருக்கித் தரும் அதிர்வெண்ணோடு) பொருந்திவிட்டால், கூடுதல் உழைப்பு இல்லாமலே குரல் பளீரென்று எழும். வாயை நன்கு திறந்து ‘ஆ’ என்றோ, ‘பேங்க்’ என்னும் சொல்லைப் பேச்சில் சொல்லும்போது வரும் அகன்ற உயிரிலோ பாடினால் அந்த ஒத்ததிர்வு அவ்வளவு உயரம் வரும். ‘இ’, ‘உ’ இரண்டுக்கும் அது மிகவும் தாழ்ந்தே இருக்கும். ஆகவே ‘இ’யில் நின்று உரக்கப் பாட முயல்பவர், வாயின் வடிவம் தராத ஒலியைத் தசையால் ஈடுகட்டப் பார்க்கிறார். நான் சொன்ன பாடகியின் நோட்டில் அவரைத் திணறடித்த வரிகளை அடிக்கோடிடச் சொன்னேன். ஐந்தில் நான்கு ‘இ’ ஒலியில் நீண்டன. அந்த ஒலியை ‘எ’ பக்கமாகச் சற்றே சாய்த்துப் பாடியபோது கழுத்து இறுக்கம் அப்போதே தளர்ந்தது; கேட்பவருக்குச் சொல் மாறியதாகவும் தோன்றவில்லை.

அளவைப் பற்றிப் பயிற்சிக்கூடங்களில் போதிய பேச்சு இல்லை என்பது என் மனக்குறை. நடன அசைவைச் சரிசெய்வதற்காக ஒரே உச்ச வரியை இருபது தடவை முழுக்குரலில் பாடவைப்பது எந்தத் தொண்டைக்கும் நியாயமில்லை. ப்ராட்வேயில் வாரத்துக்கு எட்டுக் காட்சிகள் வழக்கம். அத்தனையையும் தாங்குபவர்கள் ஒத்திகையில் உச்ச வரிகளை ஒரு ஸ்தாயி கீழே இறக்கிப் பாடியோ, சொற்களை மட்டும் தாளத்தில் உச்சரித்தோ குரலைச் சேமிக்கிறார்கள். தொடக்கநிலையில் இருப்பவருக்கு ஒரு நாளில் சில நிமிட பெல்டிங் போதும், அதுவும் இடையிடையே ஓய்வு விட்டு. பயிற்சி முடிந்ததும் ஒரு ஸ்ட்ராவைத் தண்ணீரில் இரண்டு சென்டிமீட்டர் அமிழ்த்தி, குமிழி வர மேலும் கீழுமாகக் குரல் கொடுப்பது நாண்களைத் தளர்த்த நல்ல வழி. பின்னணி இசை அதிர்கிற இடத்தில் நம்மை அறியாமலே குரலை உயர்த்துகிறோம். 1911-இல் பிரெஞ்சு மருத்துவர் எத்தியென் லொம்பார் விளக்கிய இந்த இயல்பை மன உறுதியால் வெல்வது கடினம் என்பதால், தன் குரல் தனக்குக் கேட்கும்படி மானிட்டரை (பாடகரை நோக்கி வைக்கும் மேடை ஒலிபெருக்கியை) வைக்கச் சொல்லிக் கேட்பதில் பாடகர் கூச்சப்படக் கூடாது.

குடிக்கும் தண்ணீர் குரல்நாண்களைத் தொடுவதில்லை. அது உணவுக்குழாய் வழியாகப் போய், உடல் முழுதும் பரவிய பிறகே அங்கு ஈரம் சேர்க்கும். மேடையேறும் முன் ஒரு பாட்டிலைக் காலிசெய்வதால் பயன் குறைவு, நாள் முழுதும் குடித்திருக்க வேண்டும். வலி தெரியாமல் மரக்கச்செய்யும் மாத்திரைகளைச் சப்பிக்கொண்டு பாடுவதை நான் அனுமதிப்பதே இல்லை.

அந்தப் பாடகிக்கு அறுவை தேவைப்படவில்லை. காட்சியைத் தள்ளிவைக்க முடியாததால் இரண்டு பாடல்களின் சுருதியைக் குறைத்தார்கள். உச்ச வரிகளை முழுக்குரலில் ஒத்திகை பார்ப்பதை முற்றாக நிறுத்தினோம். ஆறு வாரம் கழித்து அதே வரியை மெல்லப் பாடியபோது குரல் தாமதிக்காமல் பிடித்தது.

எல்லாக் கரகரப்பும் இப்படிப் பொறுமை காட்டாது. இரண்டு மூன்று வாரங்களுக்கு மேல் நீடிப்பது எதுவானாலும் குரல்வளையைப் பார்த்தே ஆக வேண்டும். பாடிக்கொண்டிருக்கும்போதே குரல் திடீரென்று மங்கிவிட்டாலோ உச்ச சுரங்கள் ஒரே நொடியில் காணாமல் போய்விட்டாலோ, வலி இல்லை என்பதற்காகத் தொடரக் கூடாது. குரல்நாணில் நுண்ணிய ரத்தக்குழாய் வெடித்திருக்கக்கூடும், அதற்குப் பெரும்பாலும் வலி இருக்காது. ரத்தக்கசிவைக் கூட்டும் ஆஸ்பிரின் போன்ற மாத்திரைகளைத் தாமாக வாங்கி விழுங்காமல், கிசுகிசுப்பாகக்கூடப் பேசாமல், அன்றோ மறுநாளோ மருத்துவர் பார்க்கும்வரை சொல்ல வேண்டியதை எழுதிக் காட்டுங்கள்.