கால்விரல் நுனிவரை இரத்தம் எப்படிப் போகிறது?

காலில் புண்ணென்று கிளினிக்குக்குப் போனால், டொக்டர் புண்ணை மட்டும் பார்த்துவிட்டு விடமாட்டார். புறங்காலிலும் கணுக்காலின் உட்பக்கத்திலும் விரலை வைத்து நாடித்துடிப்பைத் தேடுவார். இரத்தம் அவ்வளவு தூரம் வந்து சேருகிறதா என்று பார்க்கத்தான்.

முழங்காலுக்குப் பின்னால் ஒரே ஒரு பெரிய நாடி, அதாவது இதயத்திலிருந்து இரத்தத்தைக் கொண்டுவரும் குழாய். கொஞ்சம் கீழே இறங்கியதும் அது மூன்றாகப் பிரிகிறது. முன்பக்கத்தால் வருவது புறங்காலுக்குப் போகிறது. பின்பக்கத்தால் வருவது கணுக்காலின் உட்பக்க எலும்பைச் சுற்றி உள்ளங்காலுக்குள் நுழைந்து இரண்டாகிறது. மூன்றாவது கணுக்கால் அளவிலேயே முடிந்து, மற்ற இரண்டுக்கும் சிறு கிளைகளை நீட்டுகிறது.

பெருவிரலை மேலே தூக்குங்கள். புறங்காலில் ஒரு தசைநார் எழும்பி நிற்கும். அதற்குச் சற்று வெளிப்பக்கமாக மெல்லத் தொட்டால் முதல் நாடி துடிக்கும். சுகதேகிகளிலும் சிலருக்கு அது கைக்குப் படாது, பயப்படத் தேவையில்லை. உட்கணுக்காலுக்கும் குதிநாருக்கும் இடையில் மற்றதைத் தேடிப் பாருங்கள்.

புறங்கால் நாடியின் ஒரு கிளை பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்குமான எலும்புகளுக்கு நடுவே கீழிறங்கி, உள்ளங்கால் நாடியோடு வில்லாக இணைகிறது. வெள்ளவத்தையில் காலி வீதி அடைபட்டால் ஒரு ஒழுங்கையால் இறங்கி மரைன் டிரைவைப் பிடிக்கிறோமே, அதே ஏற்பாடுதான். ஒரு நாடி அடைபட்டாலும் மற்றது ஓரளவு சமாளிக்கும். அந்த வில்லிலிருந்து புறப்படும் கிளைகள் விரலிடுக்குகளில் கவடாகப் பிரிய, ஒவ்வொரு விரலுக்கும் அடிப்பக்கம் இரண்டு, மேற்பக்கம் மெல்லியதாக இரண்டு கிடைக்கின்றன. அதற்கப்பால் மாற்றுவழி அதிகமில்லை. அதனால்தான் இரத்தம் போதாமல் கறுப்பது பெரும்பாலும் விரலில் தொடங்குகிறது.

நீரிழிவு பெரும்பாலும் முழங்காலுக்குக் கீழுள்ள நாடிகளையே பிடிக்கும். நரம்பும் பழுதாகிவிட்டால் இன்னொரு சிக்கல்: தோலில் நாடியையும், இரத்தத்தைத் திரும்ப இதயத்துக்குக் கொண்டுபோகும் நாளத்தையும் நேரே இணைக்கும் குறுக்குவழிகள் திறந்தே கிடக்கும். கால் சூடாக இருக்கும், ஆனால் தசைக்கும் தோலுக்கும் இரத்தத்தைப் பரிமாறும் மிக நுண்ணிய மயிர்த்துளைக்குழாய்களுக்குப் போதிய இரத்தம் போகாது. ஆகவே சூட்டை மட்டும் நம்பி ‘கால் நல்லாத்தான் இருக்கு’ என்று சொல்லிவிட முடியாது.

கணுக்கால் பிரஷரைக் கைப் பிரஷரால் வகுத்துப் பார்க்கும் சோதனையும் சிலவேளை ஏமாற்றும். 1.0 முதல் 1.4 வரை சாதாரணம்; 0.9 அல்லது அதற்குக் கீழென்றால் நாடி ஒடுங்கியிருக்கிறது. 1.4ஐத் தாண்டினால் சந்தோஷப்படக் கூடாது. நாடிச்சுவரில் கல்சியம் படிந்து இறுகிவிட்டதால், பிரஷர் அளக்கக் கட்டும் பட்டியால் அதை நெரிக்க முடியவில்லை என்று அர்த்தம். அப்புறம் சின்னப் பட்டி ஒன்றைப் பெருவிரலில் கட்டி அளப்பார்கள், விரல் நாடிகள் அவ்வளவாக இறுகுவதில்லை என்பதால். அங்கே 30 மில்லிமீற்றர் இரசத்துக்குக் கீழ் வந்தால் புண் தானாக ஆறுவது கடினம். அடைப்பைத் திறக்க வழியுண்டா என்று பார்க்க இரத்தக்குழாய் சத்திரசிகிச்சை நிபுணரிடம் அனுப்புவார்கள்.