'துணை ராணி' அல்ல, கோப்பெண்டு

புதுக்கோட்டை மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் 1915-இல் மெல்போர்னில் மணந்துகொண்ட ஆஸ்திரேலியப் பெண் மோலி ஃபிங்க்கை, 'புதுக்கோட்டையின் துணை ராணி' என்று சென்னை மேடைகளில் மீண்டும் மீண்டும் கேட்க நேர்கிறது. 'குயின் கன்சார்ட்' என்பதன் மொழிபெயர்ப்பாம் இது.

'கன்சார்ட்' இலத்தீன் வழிவந்த சொல். ஒருவருடைய பேற்றில் பங்குகொள்பவர் என்பது அதன் வேர்ப்பொருள். ஆளும் மன்னரின் மனைவி என்ற நிலையால் அரசியானவரை அது குறிக்கும்.

'துணை' என்னும் முன்னொட்டோ தமிழ்நாட்டில் பதவிப் படிநிலையைக் குறிப்பதாகவே நிலைத்துவிட்டது. துணை முதல்வர், துணை ஆட்சியர், துணைத்தலைவர் என்று நாள்தோறும் படிப்பவர், துணை ராணி என்றால் அவருக்கு மேலே இன்னொரு ராணி இருப்பதாகத்தானே கொள்வார்? டென்மார்க்கில் 2024 ஜனவரி 14 வரை அரியணையில் இருந்த இரண்டாம் மார்கரேத் ஆளும் அரசி. அன்று மன்னரான பத்தாம் ஃபிரெடெரிக்கின் மனைவியும் ஆஸ்திரேலியாவின் ஹோபார்ட்டில் பிறந்தவருமான மேரி, மன்னரின் மனைவியாக அரசியானவர். மேரியைத் துணை ராணி என்றால், மார்கரேத்துக்கு அடுத்த பதவியில் இருப்பவர் என்ற பிழையான பொருளே எஞ்சும். 'ராணி துணைவி' என்பாரும் உளர்; அது ராணிக்குத் துணையானவள் என்று உறவையே தலைகீழாக்குகிறது. 'பட்டத்தரசி' நல்ல சொல்தான், ஆயினும் மனைவியர் பலருள் முதன்மை பெற்றவள் என்ற சாயல் அதில் உண்டு.

புறநானூற்றின் 246-ஆம் பாடலைப் பாடியவர் பெயர் பூதப்பாண்டியன் தேவி பெருங்கோப்பெண்டு. கோ அரசன், பெண்டு மனைவி. ஐயத்துக்கு இடமே இல்லை. பெண்டு என்பது இழிவாக ஒலிக்கிறது என்பவர்கள் பெண்டாட்டி என்ற சொல்லைக் கூசாமல்தான் வழங்குகிறார்கள். வடசொல் கலப்பு உறுத்தாதவர்களுக்குச் சிலப்பதிகாரத்தின் கோப்பெருந்தேவி இருக்கிறது. இவ்வளவு கையிருப்பு இருந்தும் ஆங்கிலத்தைச் சொல்லுக்குச் சொல் பெயர்ப்பது சோம்பலே.

மோலிக்கு இந்தப் பட்டமும் பொருந்தாது. பிரித்தானிய அரசு அவரை மகாராணியாக ஏற்கவில்லை. 1916-இல் பிறந்த மகனுக்கு வாரிசுரிமையும் தரவில்லை. மன்னர் 1928-இல் பாரிஸில் இறந்தபின், பட்டம் சிறுவர் ராஜகோபாலத் தொண்டைமானுக்குச் சென்றது. ஆகவே மோலியை 'தொண்டைமானின் மனைவி' என்று எழுதுவதே சரி. அந்தத் திருமணத்துக்கு ஆட்சியாளர்கள் மறுத்த தகுதியை மொழிபெயர்ப்பாளர் வழங்க இயலாது.