நடிப்பு, எழுத்து, ஆட்டம்: மூன்றையும் ஒரே தாளில் எழுதிக் கொடுக்காதீர்கள்

இந்த மாதமும் ஒரு பையன் வந்தான். வாலிபால் லீக்கில் ஆடுகிறான், வெப் சீரிஸில் சின்னச் சின்ன வேஷம், நடுவில் சிறுகதையும் எழுதுகிறான். கையில் ஒரு டேலண்ட் மேனேஜ்மென்ட் அக்ரிமெண்ட், வழக்கம்போலக் கையெழுத்துப் போட்டு முடித்த பிறகு. ஏழாம் பக்கத்தில் பொடி எழுத்தில் ஒரு ஷரத்து: இதுவரை எழுதியது, இனி எழுதப்போவது எல்லாவற்றின் உரிமையும் கம்பெனிக்கே, உலகம் முழுக்க, பதிப்புரிமைக் காலம் முடியும்வரை. நடிக்க சான்ஸ் வாங்கித் தருகிறோம் என்று வந்தவர்களுக்கு இவன் சிறுகதை எதற்கு? கேட்டால், “ஸ்டாண்டர்ட் ஃபார்மட்னு சொன்னாங்க சார்” என்கிறான்.

அடுத்து ஒரு கேள்வி வரும் பாருங்கள், அதில்தான் எனக்கு ரத்தக் கொதிப்பு ஏறும்: “கோர்ட்ல செல்லாதுல்ல சார், ஜாகீர் கான் கேஸ் இருக்கே?”

இருக்கிறது. 2000-இல் கிரிக்கெட் வீரர் ஜாகீர் கான் ஒரு நிறுவனத்தோடு போட்ட 3 வருட ஒப்பந்தம் முடிந்த பிறகும், வேறு யாரிடமிருந்து விளம்பர வாய்ப்பு வந்தாலும் முதலில் எங்களிடம் காட்ட வேண்டும் என்று அந்த நிறுவனம் கேட்டது. ஒருவர் தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தம் செல்லாது என்கிற ஒப்பந்தச் சட்டம் 27-ஆவது பிரிவைக் காட்டி, உச்ச நீதிமன்றம் 2006-இல் அதை ஏற்க மறுத்தது. முடிந்த பிறகு. இந்த இரண்டு வார்த்தையை மட்டும் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். ஒப்பந்தம் நடப்பில் இருக்கும்போது ‘உங்களைத் தவிர வேறு யாருக்கும் வேலை செய்ய மாட்டேன்’ என்று எழுதிக் கொடுத்திருந்தால் அது பொதுவாகக் கட்டுப்படுத்தும். அநியாயத்துக்கு ஒருதலைப்பட்சம் என்று வாதாடலாம்தான், ஆனால் வாதாடி முடிப்பதற்குள் உங்கள் ஆட்ட வயதே போய்விடும்.

கதை உரிமையிலும் இதே கூத்து. எத்தனை காலத்துக்கு என்று எழுதாவிட்டால் பதிப்புரிமைச் சட்டம் 19-ஆவது பிரிவு அதை 5 வருடமாகவும், எந்த ஊருக்கு என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்கு மட்டுமாகவும் எடுத்துக்கொள்ளும். எழுதாவிட்டால்தான்! ‘உலகம் முழுக்க, காலம் முழுக்க’ என்பதற்குக் கீழே நீங்களே கையெழுத்துப் போட்டபின் அந்தப் பிரிவு என்ன செய்யும்?

“அஜித் ரேஸும் ஓட்டுறார், நடிக்கவும் செய்றாரே” என்பார்கள். செய்யட்டும், ஆசையில் தப்பே இல்லை. 2025 தொடக்கத்தில் துபாய்ப் பந்தயத்தின்போது, ரேஸ் சீசன் முடியும்வரை புதுப்படம் ஒப்புக்கொள்ள மாட்டேன் என்று அவரே சொன்னாரே, அதைக் கவனித்தீர்களா? ஷூட்டிங் முடியும்வரை காயம்படக்கூடிய ஆட்டம் எதுவும் கூடாது என்ற ஷரத்து பட ஒப்பந்தத்திலும் வரும். முகத்தில் தையல் போட்டால் காட்சிக்குக் காட்சி முகம் ஒத்துப்போகாது, கன்டினியூட்டி போச்சு, அவர்களுக்கும் நஷ்டம். லீக் தேதிகளை முன்கூட்டியே சொல்லி, அந்த நாட்களுக்கு விலக்கு எழுதி வாங்குங்கள்.

விளையாட்டு ஒதுக்கீட்டில் அரசு வேலைக்குப் போனவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. எப்போதாவது கதை எழுதுவதை மத்திய அரசின் நடத்தை விதிகள் பெரும்பாலும் தடுக்காது. சம்பளம் வாங்கி நடிக்க முன் அனுமதி வேண்டும். ரிலீஸ் போஸ்டரைப் பார்த்து மெமோ வந்தபின் ஓடி வராதீர்கள்.

நடிப்புக்கு ஒரு அக்ரிமெண்ட், விளையாட்டு விளம்பரத்துக்கு வேறொன்று. எழுத்தை இரண்டிலும் சேர்க்கவே வேண்டாம். கதை விற்கும்போது அந்தக் கதைக்கு மட்டும், எவ்வளவு காலம், எந்த மொழி என்று எழுதிக் கொடுத்தால் போதும். அப்புறம், தயவுசெய்து, ஒரே ஒரு பக்கத்தைப் போட்டோ பிடித்து வாட்ஸ்ஆப்பில் அனுப்பி “ஓகேவா சார்?” என்று கேட்காதீர்கள். முழு அக்ரிமெண்டும் வேண்டும், பின்னிணைப்போடு, கையெழுத்துக்கு முந்தின வாரமே.