கேரியோடைப்: குரோமோசோம் வரிசைப்படம்

கரு திரும்பத் திரும்பக் கலைந்துபோகும் தம்பதிக்கு எழுதித் தரப்படும் சோதனைகளில் ‘கேரியோடைப்’ ஒன்று. கணவன், மனைவி இருவருமே ரத்தம் கொடுக்க வேண்டும்.

கிரேக்கத்தில் ‘காரியோன்’ என்றால் கொட்டை, ஓட்டுக்குள் இருக்கும் பருப்பு. உயிரணுவின் உட்கருவைக் குறிக்க உயிரியலாளர்கள் அதை எடுத்துக்கொண்டார்கள். ‘டைப்போஸ்’ என்பது அச்சு, பதிந்த வடிவம். உட்கருவுக்குள் மரபணுக்களைச் சுமந்திருக்கும் இழைகள்தான் குரோமோசோம்கள். ஓர் உயிருக்கு அவை எத்தனை, எந்த அளவு, எந்த வடிவம் என்ற முழுத் தோற்றமே கேரியோடைப். 1920களில் இந்தப் பொருளை நிலைநாட்டியவர் சோவியத் தாவரவியலாளர் லெவிட்ஸ்கி. மனிதருக்கு 46 என்று ஆய்வாளர்கள் சியோவும் லெவானும் 1956இல் எண்ணிக் காட்டும்வரை, 48 என்றே பாடம் நடந்தது.

எண்ணுவது அவ்வளவு கடினம். பிளவுபடும் உயிரணுவில்தான் குரோமோசோம்கள் தடித்துத் தனித்தனியாகத் தெரியும். அதனால் வெள்ளணுக்களை மூன்று நாள் வளர்த்து, பிளவுபடும் தறுவாயில் கோல்சிசின் வகை மருந்தால் நிறுத்துகிறார்கள். உப்பு குறைந்த நீர்மத்தில் அணு வீங்க, குரோமோசோம்கள் விலகிக்கொள்ளும். அப்புறம் கண்ணாடித் தகட்டில் சொட்டுவிட்டு, டிரிப்சின் என்ற நொதியில் சற்று நனைத்து ஜீம்சா சாயம் ஏற்றினால், ஒவ்வொன்றிலும் வெளுப்பும் கறுப்புமாகப் பட்டைகள். அவற்றைப் பார்த்து ஜோடி சேர்த்து, பெரியது முதல் சிறியது வரை வரிசையாக அடுக்குவார்கள்.

அந்த வரிசையில்தான் ‘சமநிலை இடமாற்றம்’ பிடிபடும். இரண்டு குரோமோசோம்களின் துண்டுகள் இடம் மாறியிருக்கும், எதுவும் குறைந்திருக்காது. ஆள் முழு ஆரோக்கியமாக இருப்பார். ஆனால் கருமுட்டைக்கோ விந்தணுவுக்கோ பாதிச் சரக்கு பிரியும்போது கணக்குத் தப்பி, கரு நிலைக்காமல் போகலாம். இது ஆணிடமும் இருக்கும், பெண்ணிடமும் இருக்கும். கலைந்த கருவுக்கு அவளை மட்டும் குற்றம் சொல்லும் வீடுகள் இதை அறிந்தே ஆக வேண்டும்.

சரி, தமிழில் என்ன சொல்வது? சொல்லுக்குச் சொல் பெயர்த்து ‘கருவகை’ என்றால், வயிற்றில் வளரும் கருவுக்கான சோதனை என்றே பலரும் நினைப்பார்கள். ‘குரோமோசோம் வரிசைப்படம்’ என்பதே பொருத்தம். முழுத் தமிழ் வேண்டுவோர் ‘நிறப்புரி வரிசைப்படம்’ எனலாம். நிறம் ஏற்றினால் தெரியும் புரி என்பதால் நிறப்புரி.

‘மரபணுச் சோதனை’ என்று பொதுவாகச் சொல்வதுதான் ஆபத்து. வரிசைப்படத்தில் தனி மரபணுவின் பிழை தெரியாது. ‘நார்மல்’ என்று ரிப்போர்ட் வந்த இருவருமே தலசீமியா என்ற பரம்பரை ரத்தசோகையின் மரபணுவைச் சுமப்பவர்களாக இருக்கலாம். அதற்கு ஹீமோகுளோபின் பகுப்பாய்வைத் தனியாகக் கேட்டுச் செய்ய வேண்டும்.